வயிற்றில் பட்ட தோட்டா

சுட்ட மறுநொடியே டார்லாவுக்குத் தெரிந்துவிட்டது, தப்பு நடந்துபோயிற்று என்று. நெஞ்சில் பட்டால் மான் துள்ளும், இல்லையென்றால் அங்கேயே சரியும். இது இரண்டும் செய்யவில்லை. வயிற்றுவலிக்காரன் மாதிரி முதுகை வளைத்துக் குறுகி நின்றது. வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு ஓடியது. ஓடியதுதான் ஓடியது, அவளுடைய நிலத்துக்குள்ளேயே எங்காவது ஓடித் தொலைத்திருக்கக் கூடாதா? வேலியைத் தாண்டி எல்ராய் பிஷ்கேயின் காட்டுக்குள் போய் மறைந்துவிட்டது.

டார்லா மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தபடியே துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டாள். அமெரிக்காவில், விஸ்கான்சினின் அந்த மூலையில் குறி பார்த்துச் சுடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது ஊரறிந்த பேச்சு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண், ஒரு வேட்டை சீசனுக்கு ஒரு தோட்டாவுக்கு மேல் செலவழித்ததில்லை என்று மதுக்கடையில் ஆண்கள் பொறாமையோடு சொல்வார்கள். இன்றைக்கு என்ன வந்தது? வேறென்ன, போன்தான். விடிந்தும் விடியாததுமாகச் சட்டைப்பையில் அது கிர்ரென்று அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் கொழுந்தன் டுவெய்ன். நன்றித் திருநாளும் அதுவுமாக, எதிர்க்கட்சிக்காரர்களைத் திட்டி யாரோ எழுதியதை அனுப்பியிருந்தான். படித்ததும் ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பு அடங்குமுன் மான் வந்து நின்றது.

டார்லா எந்தக் கட்சி, எல்ராய் எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள், அப்புறம் கதை கேட்கமாட்டீர்கள். இருவரும் எதிரெதிர் என்பது போதும். போன தேர்தலில் எல்ராய் தன் கட்சிப் பலகைகளை எல்லையோரமாக வரிசையாக நட்டார், அத்தனையும் டார்லாவின் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி. டார்லா சும்மா இருப்பாளா? டிராக்டர் கொட்டகையின் சுவர் முழுக்கத் தன் வேட்பாளரின் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, மேலே விளக்கும் போட்டாள். பிறகு ஒருநாள் மளிகைக்கடையில், ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில், "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாடு நாசமாப் போச்சு" என்று அவள் சொன்னாள். எல்ராய் அதே வாக்கியத்தை ஓர் எழுத்து மாறாமல் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு பேச்சு நின்றது. அதுவரை இரண்டு குடும்பமும் இரண்டு நிலத்திலும் தடையில்லாமல் வேட்டையாடிய வழக்கமும் நின்றது. எல்ராய் புதுக்கம்பி இழுத்து வேலி போட்டார், 'உள்ளே வராதே' என்று தகரம் அடித்தார்.

மரத்திலிருந்து இறங்கி, மான் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தாள். உதிர்ந்த இலைமேல் கொஞ்சம் முடி. அதன்மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று இரைப்பைச் சாறு. சந்தேகமே இல்லை, வயிறுதான். அவளுக்கு அழுகை முட்டியது. வயிற்றில் குண்டு பட்ட மான் உடனே சாகாது. எங்காவது புதரில் படுத்துக்கொண்டு, நேரம் கணக்கில்லாமல் துடித்துத்தான் சாகும். உடனே பின்னாலேயே போகவும் கூடாது. ஆள் வாடை பட்டால் எழுந்து ஓடும், சதுப்புக்குள் போய்விடும், அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. உச்சிப்பொழுது வரைக்கும் பொறுத்துத்தான் போகவேண்டும். ஆனால் ரொம்பவும் பொறுத்தால் கயோட்டி நரிகள் உயிரோடே பிய்க்க ஆரம்பித்துவிடும். அவள் கையால் ஓர் உயிர் இப்படிக் கிடந்து அவதிப்பட்டதில்லை. அதைத் தேடி எடுத்து முடித்து வைக்காமல் வீட்டில் போய்த் திருநாள் வான்கோழி வெட்டி உட்கார்ந்து தின்ன அவளால் முடியாது. அதற்காக எல்ராயின் கதவைத் தட்டவேண்டுமென்றால் தட்டித்தான் ஆகவேண்டும்.

வண்டியில் சுற்றிக்கொண்டு போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். கெஞ்சுகிற மாதிரியும் இருக்கக்கூடாது, சண்டைக்கு வந்த மாதிரியும் இருக்கக்கூடாது.

எல்ராய் கதவைப் பாதிதான் திறந்தார். எழுபதைத் தொட்ட நெட்டை மனிதர். மாடுகளை விற்றுவிட்டுத் தனியாக இருக்கிறார், மகள் அரிசோனாவில். வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. கை அப்போதுதான் தேய்த்துக் கழுவினதுபோல் சிவந்திருந்தது.

"சொல்லு" என்றார்.

"சட்டப்படி, சுட்ட மான் அடுத்தவங்க நிலத்துக்குள்ள போயிட்டா அனுமதி கேக்கணும். கேக்க வந்திருக்கேன்."

"ஓ. சட்டப்படி."

"ஆமா."

"சட்டப்படி நான் குடுத்தே ஆகணும்னு இருக்கா?"

"இல்ல."

எல்ராய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க பட்டுச்சு?"

ஒரு கணம் பொய் சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. "வயித்துல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை. முகத்தில் என்னவோ வந்து போயிற்று. "அப்போ இப்ப போக முடியாது. பொழுது உச்சிக்கு வரட்டும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். போயிட்டு அப்புறம் வரேன்."

"அப்புறம் நான் இருப்பேனோ இல்லையோ. என் காட்டுக்குள்ள நான் இல்லாம யாரும் போகக்கூடாது. வேணும்னா உள்ள வந்து உக்காரு. இல்லன்னா மானை மறந்துரு."

பழிவாங்குகிறார் என்று டார்லாவுக்குப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் காலை நகர்ந்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்வாள், எழுவாள், ஜன்னலண்டை போவாள், திரும்புவாள். எல்ராய் காபியும், கத்தியால் அரிந்த மாட்டிறைச்சி சாசேஜும், ஒரு துண்டு சீஸும் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை. டிவியில் நியூயார்க்கின் திருநாள் ஊர்வலம், பெரிய பெரிய பலூன் பொம்மைகள், ஓசையில்லாமல். அவருக்கும் நிலைகொள்ளவில்லை. ஒரு முழங்கால் மேசைக்கடியில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்ப்பதே இவருக்கு வேப்பங்காயாக இருக்கிறது போல என்று டார்லா நினைத்துக்கொண்டாள்.

"டார்லா..." என்றார் நடுவில்.

"என்ன?"

"காபி ஆறுது."

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இங்க பாரு, டார்லா..."

"என்ன சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சர்க்கரை வேணுமா?"

போன் அடித்தது. கணவன் கிளென்.

"எங்கடீ இருக்க? டுவெய்ன் வந்துட்டான். வான்கோழி அடுப்புல கிடக்கு, எப்ப எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"எல்ராய் வீட்டுல."

"எந்த எல்ராய்?"

"நமக்குத் தெரிஞ்சது ஒரே எல்ராய்தான்."

"அடக் கடவுளே. துப்பாக்கி யார் கையில இருக்கு?"

"என்னோடது வண்டியில. நீ கோழியப் பாரு." போனை வைத்துவிட்டாள்.

எல்ராய் காதில் விழுந்திருக்கவேண்டும். உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து டிவியில் ஊர்வலத்தை நிறுத்திவிட்டுச் செய்தி போட்டார்கள். திரையில் இரண்டு தலைவர்களின் முகம். யார் முதலில் 'ஹும்' என்றார்கள் என்று தெரியாது, சண்டை பற்றிக்கொண்டது. விலைவாசி, எல்லை, பள்ளிக்கூடம், ஓட்டு எண்ணினது, எண்ணாதது என்று எல்லாம் வந்தது. ஒன்றில்கூட ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் அவரவர் டிவியில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார்கள், கேட்பதற்கு நமக்கே அலுப்பாக இருந்திருக்கும்.

"என் அடுப்படி ஜன்னலத் தொறந்தா உங்க போர்டுதான் மூஞ்சில அடிக்குது! பாத்திரம் கழுவறப்ப எல்லாம் அதப் பாக்கணும் நான்!"

"நீ சுவத்துல எழுதியிருக்கறது எனக்குப் படுக்கையில இருந்து தெரியுது. லைட்டு வேற. திரைச்சீலை வாங்க வேண்டியதாப் போச்சு எனக்கு!"

"அப்போ திரும்பிப் படுங்க!"

"திரும்பித்தான் படுக்கறேன். தோள்பட்டை வலிக்குது!"

டார்லா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என்ன மனுஷங்க நாம? அது எங்கயோ கிடந்து துடிச்சிட்டிருக்கு. நான் பண்ணின பாவத்துக்கு. நாம இங்க உக்காந்து போர்டு, லைட்டுன்னு பேசிட்டிருக்கோம். எனக்கு நெஞ்ச அடைக்குது எல்ராய். மூச்சு விட முடியல. ஒவ்வொரு நிமிஷமும் அது மூச்சு வாங்கற மாதிரியே கேக்குது எனக்கு." சொல்லும்போதே கண்ணீர் கொட்டிவிட்டது. இவர் முன்னால் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

எல்ராயின் முகம் வெளுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா போலாம்."

"இன்னும் நேரம் ஆகலியே?"

"வான்னா வா."

காட்டுக்குள் நுழைந்ததும் டார்லா குனிந்துகொண்டாள். ஒவ்வோர் இலையாக ரத்தப் பொட்டு தேடினாள். எல்ராய் தேடவில்லை. கீழே பார்க்கவேயில்லை. தபால்பெட்டிக்குப் போகிற மாதிரி நேராக, விறுவிறுவென்று நடந்தார்.

"மெல்லப் போங்க! தடத்த மிதிக்கறீங்க! எழுந்து ஓடிரப் போகுது!"

அவர் காதில் வாங்கவில்லை. ஓடையோரத்துப் புதர்களைக் கையால் விலக்கிக்கொண்டு போய், ஒரு மேட்டின்மேல் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

மான் கிடந்தது. மல்லாந்து, வயிறு பிளந்து, குடல் எடுத்துச் சுத்தம் செய்து, உள்ளே காற்றுப் புகுந்து குளிரட்டும் என்று விலா எலும்புக்கு நடுவே ஒரு குச்சியும் முட்டுக்கொடுத்து. பக்குவம் தெரிந்தவன் கை. காதுக்குக் கீழே சின்னதாக ஒரு துளை. கிளைபிரிந்த கொம்பின்மேல் பனி உருகி நின்றது. செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

டார்லாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. விடிகாலையில் சுற்றுவட்டாரம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். அதில் இன்னொரு வெடிச்சத்தத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"எப்போ?" என்றாள்.

"நீ சுட்ட கொஞ்ச நேரத்துல. என் பரணுக்குக் கீழயே வந்து படுத்துச்சு. வலியில பல்லக் கடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"அப்புறம் எதுக்கு என்னை உக்கார வெச்சீங்க?"

எல்ராய் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "உன் வண்டி வர்றதப் பாத்ததும் சொல்லிரணும்னுதான் கதவத் தொறந்தேன். நீ 'சட்டப்படி'ன்னு ஆரம்பிச்ச. உனக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன் இல்லியா, வெறும் சட்டமான்னு வீம்பு வந்துருச்சு. கொஞ்சம் தவிக்கட்டும்னு சொல்லிட்டேன். அப்புறம் சொல்லணும் சொல்லணும்னு வாயத் தொறக்கறேன், காபின்னு வருது, சர்க்கரைன்னு வருது. நேரம் ஆக ஆகச் சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு."

"மானுக்கு இரக்கப்பட்டீங்க. எனக்கு இரக்கப்படல."

அவர் ஓடைப் பக்கம் பார்த்தார். "இல்ல" என்றார் கடைசியில். "படல."

டார்லா அப்படியே ஈர இலைமேல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இரண்டு முட்டிக்கொண்டிருந்தது. அந்த உயிர் துடிக்கவில்லை, காலையிலேயே முடிந்துவிட்டது என்பதில் வந்த நிம்மதி ஒன்று. எழுந்து இந்த மனிதனின் தாடையில் ஒன்று விடலாமா என்கிற ஆத்திரம் இன்னொன்று. நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்ல வாய் வரவில்லை. திட்டத்தான் வேண்டும், அதுவும் வரவில்லை. மானின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். ரோமம் சில்லிட்டிருந்தது.

"அந்தக் கொம்பப் பிடிங்க" என்றாள் எழுந்து.

ஆளுக்கொரு கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். கனமான கிடா மான். எல்ராய்க்கு மூச்சு வாங்கியது, அவளுக்கும் வாங்கியது. வேலி வந்ததும் அவர் தான் கட்டின கம்பியைத் தானே காலால் மிதித்து அமுக்கிக்கொண்டு நின்றார். அவள் மானை அந்தப் பக்கம் புரட்டினாள். திரும்பிப் போக எத்தனித்தார்.

"சாப்பிட வாங்க" என்றாள். கூப்பிட்ட தோரணை, சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

"வேண்டாம்மா. உன் கொழுந்தன் வந்திருப்பான். அவன் வாய என்னால தாங்க முடியாது."

"என்னாலயும்தான் முடியாது. எங்க கட்சிக்காரன்தான், அதனால நான் மறுத்துப் பேசவும் முடியாது. நீங்களாவது பேசலாம் இல்ல? வாங்க."

எல்ராய் யோசித்தார். அப்புறம் வேலியைத் தாண்டினார்.

கிளென் கதவைத் திறந்ததும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ரத்தம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தான். ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டு எடுத்து வைத்தான். நல்ல மனிதன். வான்கோழி ஓரத்தில் கொஞ்சம் கருகியிருந்தது, அதையும் யாரும் பேசவில்லை. மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி, பூசணிக்காய் 'பை' பலகாரம் எல்லாம் மேசையில் இருந்தது. டுவெய்ன் மட்டும், பாம்பைக் கண்டவன் போல நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

சாப்பிடுமுன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்லவேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். கிளென் அடுப்புக்குத் தானாக அணைகிற பொத்தான் இருப்பதற்கு நன்றி சொன்னான். டுவெய்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாட்டுல இன்னும் புத்தியுள்ள ஜனங்க கொஞ்சமாவது மிச்சம் இருக்காங்களே, அதுக்கு" என்றான், எல்ராயின் தட்டைப் பார்த்தபடி. பிறகு அடக்கமாட்டாமல், "அது சரி அண்ணி, கிடா பெருசாமே? எங்க பட்டுச்சு? வழக்கம்போல ஒரே குண்டுதானா?"

டார்லா வாயைத் திறக்குமுன் எல்ராய் முந்திக்கொண்டார். "இப்ப என் முறை" என்றார். "பக்கத்து நிலத்துல நல்லாச் சுடற ஆளு இருக்கறதுக்கு நான் நன்றி சொல்றேன். காதுக்குக் கீழ, ஒரே குண்டு. என் பக்கத்துல வந்து பொத்துனு விழுந்துச்சு. நானே பாத்தேன். துடிக்கக்கூட இல்ல."

"அப்படிப் போடு!" என்று டுவெய்ன் மேசையைத் தட்டினான். கிளென் பெருமையோடு அவள் தோளைத் தொட்டான்.

டார்லா எல்ராயைப் பார்த்தாள். அவர் உருளைக்கிழங்கில் கரண்டியால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. காலையில் பண்ணினதற்குத் தன் தோட்டாவை அவளுக்குத் தானம் கொடுக்கிறார். வாங்கிக்கொள்ளலாம். அந்த வீட்டில் தோலுரிப்பது எப்போதும் அவள்தான், வயிற்றில் இருக்கிற இன்னொரு துளையை யாரும் பார்க்கப் போவதில்லை. ஊரில் அவள் பெயர் அப்படியே நிற்கும். தலையை ஆட்டினால் போதும். எவ்வளவு சுலபம்! ஆனால் ஆட்டினால், எல்ராய் அந்த ஓடையோரம் தனியாக நின்று செய்தது செய்யாததாகிவிடும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என் முறை" என்றாள். "என் குண்டு வயித்துல பட்டுச்சு, டுவெய்ன். நீ காலையில அனுப்பின கண்றாவியப் படிச்சிட்டு, கோவத்துல சுட்டேன். அந்த மானைச் சித்திரவதை பண்ணிட்டேன். காதுக்குக் கீழ பட்டது இவரோட குண்டு. இவரு இல்லன்னா அது இந்நேரம்வரைக்கும் துடிச்சிட்டிருக்கும். அதுக்கு நன்றி, எல்ராய். மனசாரச் சொல்றேன்."

டுவெய்ன் கையில் முள்கரண்டி பாதியில் நின்றது. எல்ராய் மெல்ல நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத் தெரியாத வயது.

"ஆனா காலையெல்லாம் என்னை உக்கார வெச்சு வேடிக்க பாத்தீங்களே" என்றாள் டார்லா, "அதை நான் மறக்கவே மாட்டேன்."

"மறக்காத" என்றார் எல்ராய். "அடுத்த வருஷமும் இதே மேசையில வெச்சு சொல்லிக்காட்டு."